நெஞ்சுக்குக் கீழே ஒரு பாட்டில்

ஒழுகுகிற தகரக் கொட்டகையில் இரவல் லேத்து ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவன் நான். அந்த லேத்தில் கடைந்த முதல் பம்பு அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இன்னும் தண்ணீர் இறைக்கிறது. அப்புறம் சொந்தப் பட்டறை கட்டினேன். ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் பலருடைய பிள்ளைகள் பிறகு அதே பட்டறைக்கு வேலை கேட்டு வந்து நின்றார்கள். சூலூர் தாண்டி இரும்பு வார்க்கிற பவுண்டரி போட்டேன். கரண்ட் இல்லாத காலத்தில் அக்கம்பக்கத்துக்காரர்கள் பூட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நான் ஜெனரேட்டர் ஓட்டினேன், அது நின்றபோது அதையும் பிரித்து நானே சரி செய்தேன். கிணறுகள் வற்றி எல்லாரும் போர்வெல்லுக்கு மாறியபோது இவன் கதை முடிந்தது என்றார்கள். நீர்மூழ்கி மோட்டார் செய்யக் கற்றுக்கொண்டேன். வீடு கட்டினேன். மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். இத்தனையும் ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொண்டு. அதிலும் கடைசிப் பாதியில் பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை.

இந்தப் பட்டியலில் கடைசியாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அது பம்பு இல்லை, மோட்டார் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உருளுகிற சின்ன இரும்பு வண்டி. நெஞ்சில் அடிபட்டவர்களுக்கு விலாவில் குழாய் போட்டு, உள்ளே தேங்கிய ரத்தத்தையும் காற்றையும் ஒரு பாட்டிலில் பிடிப்பார்கள். அந்தப் பாட்டில் போகிற வண்டி. படித்தவர்கள் அதைப்பற்றி எழுதிவிட்டார்கள். சரியாக எழுதவில்லை. அதனால் நான் எழுத உட்கார்ந்தேன்.

அவிநாசிக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் பழுதான மோட்டாரைப் போர்வெல்லிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுபதைத் தாண்டியவன் அந்த வேலைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் இந்தக் காலத்து பிட்டர்களுக்குக் கயிறு கட்டத் தெரியாது. போனில் பாட்டைப் போட்டுவிட்டுப் பைப்பைத் தூக்குகிறார்கள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, முடிச்சு நன்றாக இல்லை. பைப்பைப் பிடிக்கிற கிளாம்பு நழுவப்போகிறது என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மேலே தொங்கிய இரும்புப் பைப்பு ஊஞ்சல் மாதிரி ஆடி வந்து என் இடது விலாவில் இடித்தது. கீழே கிடந்தபடியே முடிச்சு தப்பு என்று சொல்லத்தான் பார்த்தேன். சொல்வதற்கு மூச்சு வரவில்லை.

கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நான் ஏன் இலவசமாக விளம்பரம் செய்ய வேண்டும்.

என்னைப் பார்த்த டாக்டர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“வெலா எலும்பு மூணு ஒடஞ்சிருக்குதுங்க அய்யா. அதுல ஒண்ணு குத்தி நுரையீரல் கிழிஞ்சிருக்குது. கிழிசல்ல இருந்து வர்ற காத்தும், கசியற ரத்தமும் நெஞ்சுக்கூட்டுக்குள்ள சேந்து நுரையீரலப் போட்டு அமுக்குது. பக்கத்துல ஒரு ட்யூப் போட்டு அத வெளிய எடுத்துப்போடலாம்.”

மரத்துப்போகிற ஊசி போட்டு, விலா இடுக்கில் கீறி, விரல் பருமனுக்கு ஒரு குழாயை உள்ளே தள்ளினார்கள். அது எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். எழுதினால் அந்த பிட்டர்கள் சந்தோஷப்படுவார்கள். மூச்சு கொஞ்சம் திரும்பியதும், குழாயின் மறுமுனை எந்த மிஷினுக்குப் போகிறது என்று தலையைத் திருப்பிப் பார்த்தேன். மிஷின் எதுவும் இல்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதில் பாதிக்குத் தண்ணீர். குழாயின் முனை அந்தத் தண்ணீருக்குள் முங்கியிருந்தது. அவ்வளவுதான். என் பட்டறையில் பாட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வருகிற கேன்கூட இதைவிடக் கெட்டியாக இருக்கும்.

என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என்னையும் பாட்டிலையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“இத்தன வருசம் ஊரு கெணத்துக்கெல்லாம் பைப்பு எறக்குனீங்க. இப்ப உங்களுக்கே எறக்கிப்போட்டாங்க பாருங்க.”

சிரித்தால் விலா வலித்தது. சிரிக்காமல் பாட்டிலைக் கவனித்தேன். மூச்சு விட்டால் குழாய் முனையில் குமிழி வந்தது. மூச்சு இழுத்தால் குழாய்க்குள் தண்ணீர் சாண் உயரம் ஏறி நின்றது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. சரிதான், பாட்டில் தண்ணீர்தான் ஃபுட்வால்வு. கிணற்றில் சக்‌ஷன் பைப்பின் அடியில் ஒரு வால்வு போடுவோம். ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்க விடாது. இங்கே வெளியே வந்த காற்றைத் திரும்ப உள்ளே விடாது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. இதற்குப் போய் இத்தனை வருஷம் படிக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் மாப்பிள்ளை வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நம்பர் காட்டாத எதுவும் வேலை செய்வதாக அவர் நம்ப மாட்டார். சோறு வெந்துவிட்டதா என்பதுகூட அவருக்கு விசில் கணக்குதான். பாட்டிலைக் குனிந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“மாமா, இது ரொம்பப் பழைய முறைங்க. இப்பச் சின்னதா ஒரு மிஷின் வந்திருக்குது. அதுவே உறிஞ்சிக்கும். எவ்வளவு காத்து லீக் ஆகுதுன்னு நம்பர்ல காட்டுமுங்க.”

“நம்பரப் பாத்தா ஓட்ட அடஞ்சுக்குமுங்களா மாப்ள?”

“அடையாதுங்க. ஆனா தெரியுமில்லீங்க.”

இதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். மாப்பிள்ளை அந்த மிஷினைப் பற்றி அவரிடமும் கேட்டார். டாக்டரம்மா பொறுமையாகத்தான் பதில் சொன்னார். அந்தப் பொறுமையை நான் ஒத்துக்கொள்கிறேன்.

“மூணு விதமாப் பண்ணலாமுங்க. இந்த மாதிரி வெறும் தண்ணி பாட்டில் ஒண்ணு. இதே பாட்டில்ல இன்னொரு வழியிருக்குது, அதுல செவுத்து சக்‌ஷன மாட்டி மெதுவா இழுக்கறது ரெண்டாவது. நீங்க சொல்ற மிஷின் மூணாவது. எங்ககிட்ட ஒண்ணேதான் இருக்குது, அதுவும் இப்ப வேற ஒருத்தருக்கு ஓடிட்டு இருக்குது.”

“இதுல எது அம்மணி ஒசத்தி?” என்று கேட்டேன்.

“ஆளப் பொறுத்துதுங்க அய்யா. நெஞ்சுல அடிபட்டு வர்றவங்களுக்கு எது சீக்கிரம் ஆத்துதுன்னு நானே இங்க ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியலீங்க.”

ஆளைப் பொறுத்தது என்பது, தெரியாதவர்கள் தெரிந்த மாதிரி சொல்கிற பதில். எனக்கு அப்படித்தான் பட்டது. என் கடைக்கு வந்து எந்த மோட்டார் வேண்டும் என்று கேட்கிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான்.

“அப்ப சக்‌ஷன மாட்டுங்க,” என்றேன். “நான் பம்புக்காரன். இழுக்கறதுக்கு ஒண்ணுமில்லாம எது வெளிய வரும்?”

“நீங்க நல்லா மூச்சு விட்டு இருமுனாலே வருமுங்க.”

“இருமி எறைக்கறதுக்கா நான் இத்தன வருசம் பம்பு கம்பெனி நடத்தறேன்?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மறுநாள் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க விரியவில்லை என்று தெரிந்ததால் சக்‌ஷனை மாட்டச் சொன்னார். எக்ஸ்ரே என்ன சொன்னதோ, நான் சொன்னதால்தான் மாட்டினார்கள் என்று பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

சுவரில் இருக்கிற குழாயிலிருந்து ஒரு ஹோஸ் வந்து பாட்டிலில் ஏறியது. பாட்டில் உலை மாதிரி கொதித்தது. அந்தக் கொதிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பம்பு என்றால் சத்தம் வேண்டும். வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். எதிர்க்கட்டிலில் மோட்டார் சைக்கிளில் விழுந்த ஓர் ஆசிரியர் படுத்திருந்தார். அவருக்கு வெறும் தண்ணீர் பாட்டில்தான். எப்போதாவது ஒரு குமிழி. உங்களுடையது வேலை செய்கிறதா என்று நானே அவரை இரண்டொரு முறை விசாரித்தேன். அவர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்கப் போய்விடுவார். என்னால் நடக்க முடியாது. சுவரில் கட்டிய மாடு மாதிரி, ஹோஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் எனக்கு.

அந்த ஆசிரியர் வீட்டுக்குப் போய்விட்டார். என் பாட்டில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா ஒரு நாள் காலையில் கட்டிலோரம் வெகுநேரம் நின்றார். என்னை இருமச் சொன்னார். இருமினேன். கோழைதான் கரகரத்ததே தவிர வெளியே வரவில்லை. அவர் என் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, நல்ல செய்தியாக இருந்தால் என்னைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

“கொமிழி வர்ற வரைக்கும் கிழிசல் மூடலைன்னு அர்த்தமுங்கம்மா. இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம். அப்பவும் நிக்கலைன்னா ஆபரேசன் பண்ணி உள்ள போயித்தான் அடைக்கணும்.”

“பண்ணிப்போடுங்களேன்,” என்றேன் நான்.

“அய்யா, உங்க நுரையீரல்ல பவுண்டரிப் புகை ரொம்ப இருக்குது. மயக்க மருந்து குடுக்கற டாக்டர் படத்தப் பாத்துட்டு யோசிக்கறார். படுத்தே கெடக்கறதுனால கோழை வேற கட்டீருச்சு. ஆபரேசன் இல்லாம ஆறிட்டா அதுதான் உங்களுக்கு நல்லது.”

என் மனைவி போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். நான் கட்டிய பவுண்டரி எனக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மயக்கத்தில் படுத்தவன் எழுந்திருக்காமல் போவது என்பது எனக்குப் புதிய செய்தி இல்லை. என் அண்ணன் அப்படித்தான் போனார்.

“அதுக்கு என்ன பண்ணலாமுங்கறீங்க?” என்று கேட்டேன்.

“சக்‌ஷனக் கழட்டிப் பாக்கலாமுங்க. வெறும் தண்ணி பாட்டில்ல விட்டு, உங்கள எந்திரிச்சு நடக்க வெக்கலாம்.”

எனக்குக் கோபம் வந்தது. இருக்கிற மோட்டாரையும் கழற்றிவிட்டு நடக்கச் சொல்கிறார்களே. இதற்கு எதற்கு ஆஸ்பத்திரி, இதை எங்கள் ஊர்ப் பூசாரிகூடச் சொல்வாரே என்று கேட்டேன். டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அய்யா, நீங்க பம்புக்காரர். தண்ணி ஊறறது கம்மியா இருக்கற போர்ல பெரிய மோட்டார எறக்குனா என்ன ஆகுமுங்க?”

“ஊற விடாது. சும்மா ஓடும். சேறும் மண்ணும் இழுத்துட்டு வரும்.”

“நீங்க என்ன பண்ணுவீங்க?”

“சின்ன மோட்டாரா மாத்துவேன். இல்லாட்டி நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொல்லுவேன்.”

“சில பேருக்கு இந்தக் கிழிசலும் அப்படித்தானுங்க. இழுத்துட்டே இருந்தா மூட விடாது. எல்லாருக்கும் இல்லை, சில பேருக்கு. நுரையீரல் இப்ப விரிஞ்சுருச்சு. இனி சக்‌ஷன் அவசியமில்லை.”

மோட்டார் கேட்டு வருகிறவனிடம் நான் முதலில் கேட்பதே உங்கள் போர் எத்தனை அடி, எவ்வளவு ஊறுகிறது என்றுதான். ஆளைப் பொறுத்தது என்று அவர் சொன்னதும் அதுதான். ஆனால் அதை முதல் நாளே என் பாஷையில் சொல்லியிருக்கலாம் இல்லையா. படித்தவர்களுக்கு இதுதான் கோளாறு. கையில் நல்ல சரக்கு இருக்கும், எடுத்துக் கொடுக்கத் தெரியாது.

சுவர் ஹோஸைக் கழற்றினார்கள். பாட்டிலின் அந்த வழியைத் திறந்தபடியே விட்டார்கள், காற்று வெளியேறுவதற்கு. கொதிப்பு நின்று, குமிழி ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. என்னை எழுப்பி நிறுத்தினார்கள். நான் ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொள்ள, மனைவி பாட்டிலை எடுத்துக்கொண்டாள். கும்பாபிஷேகக் கலசத்தைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் மார்புயரத்துக்குத் தூக்கினாள். நர்ஸ் ஓடி வந்தது.

“அம்மா, கீழ, கீழ. நெஞ்சுக்குக் கீழதான் இருக்கணும். மேல தூக்குனா பாட்டில்ல இருக்கறது திரும்ப அவரு நெஞ்சுக்குள்ள போயிரும்.”

இவள் பயந்து தரையில் தட்டும் அளவுக்கு இறக்கினாள். குனிந்தபடியே நடந்தால் அவள் இடுப்பு என்ன ஆகும். அவளுக்கும் வயதாகிறது. பத்தடி போய்த் திரும்பினோம். அந்தப் பத்தடியில் இருமல் வந்தது, கோழை கொஞ்சம் கழன்றது. டாக்டரம்மா சொன்னது வேலை செய்கிறது என்று தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சம்பந்தி வந்தார். மாப்பிள்ளையின் அப்பா, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். மரியாதை என்றால் அவர்தான். நாய்க்குட்டியைக்கூட வாங்க போங்க என்பார். இந்த மனுசன் மரியாதை கொடுத்தே ஒரு நாள் யாரையாவது கொன்றுவிடுவார் என்று நான் வீட்டில் சொல்வதுண்டு. அன்றைக்கு அது என்மேலேயே திரும்பியது.

மனைவி காப்பி வாங்கப் போயிருந்தாள். நான் கண்ணை மூடிக் கிடந்தேன். சம்பந்தி ஆப்பிள் பையை அலமாரிமேல் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்காரும்போது அவர் கால் கீழே இருந்த பாட்டிலில் பட்டுவிட்டது. உடனே குனிந்து பாட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம்.

“என்னங்க சம்பந்தி இது,” என்றார். “உங்க ஒடம்புல இருந்து வர்ற ரத்தம், இப்படிக் கால்மாட்டுல கெடக்குது. வர்றவன் போறவன் காலெல்லாம் படுது. கேக்கறதுக்கு ஆளில்லீங்களா?”

சொல்லிக்கொண்டே பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து, அலமாரிமேல், ஆப்பிளுக்கும் ஹார்லிக்ஸுக்கும் நடுவில் வைத்தார். என் தலைக்கு மேல்.

குழாய்க்குள் சிவப்புத் தண்ணீர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை மேலே ஏற்றியவன் நான். என்மேல் தண்ணீர் இறங்கி வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. அந்த மனுசன் இருமலைப் பார்த்துப் பதறி, எனக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நல்லவேளை, நர்ஸ் அந்தப் பக்கம் வந்தது. பாட்டிலைப் பார்த்தது, எடுத்துத் தரையில் வைத்தது. அப்புறம் சம்பந்தியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே அந்தப் பெண்ணுக்கு என் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை கொடுக்கலாம்.

“கோவிச்சுக்காதீங்க அம்மணி,” என்றார் சம்பந்தி. “கால் படக் கூடாதுன்னுதானுங்க எடுத்து வெச்சேன்.”

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டரம்மா பயந்துவிட்டார். பாட்டிலை யாரும் தொடக் கூடாது, நர்ஸ் கூட இருந்தால்தான் நடக்கலாம் என்று சொல்லிவிட்டார். நர்ஸுக்கு வார்டு முழுக்க வேலை. எனக்காக எத்தனை தடவை வரும்? திரும்பவும் படுக்கைதான். கோழை திரும்பக் கட்ட ஆரம்பித்தது. குமிழி நிற்கவில்லை. மயக்க டாக்டர் வந்து என் நாக்கையும் கழுத்தையும் பார்த்துவிட்டுப் போனார். கிடாய் வாங்க வந்தவன் பார்க்கிற பார்வை அது.

படுத்தபடியே யோசித்தேன். சம்பந்தியைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. நாளைக்கு என் தங்கை வருவாள், அவளும் தூக்குவாள். பாட்டிலைத் தரையில் வைத்தால் எங்கள் ஆட்கள் தூக்கத்தான் செய்வார்கள். மூலமும் பொழிப்புரையும் எழுதிச் சுவரில் ஒட்டினாலும் தூக்குவார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இத்தனை காலமாக “தொடாதே” என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள், ஒரு இரும்பை வளைத்துப் பார்க்க அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாட்டில் தரையில் இருக்கவும் கூடாது, நெஞ்சுக்கு மேல் போகவும் கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், யாரும் எடுக்க முடியாதபடி, நான் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வர வேண்டும். இது டாக்டர் வேலை இல்லை. என் வேலை.

மனைவியின் போனை வாங்கி என் வெல்டரைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்க வாங்க அளவு சொன்னேன். அகலமான அடித்தட்டு, சாயக் கூடாது. நாலு சின்னச் சக்கரம். நடுவில் பாட்டில் உட்கார ஒரு வளையம், வளையத்தின் மேல் ஒரு பட்டை, பட்டையை இறுக்க ஸ்பானர் வேண்டாத, கையால் திருகுகிற காது நட்டு; சும்மா தூக்குகிறவனுக்கு வராது, பாட்டில் மாற்றுகிற நர்ஸ் திருகினால் வரும். பிடித்துத் தள்ள ஒரு கம்பி. குழாய் தொங்கி வளையாமல் இருக்கக் கம்பியில் ஒரு கொக்கி.

மறுநாள் கொண்டுவந்தான். பார்த்ததும் எனக்கு இருமலே நின்றுவிட்டது. பாட்டில் வளையத்தை நெஞ்சுயரத்துக்கு வைத்து, வெள்ளி பெயின்ட் வேறு அடித்திருந்தான்.

“ஏன்டா, ஒரு சாணுன்னு சொன்னனா இல்லையா?”

“சொன்னீங்க மொதலாளி. ஆனா உங்க ரத்தத்தப் போயி அவ்வளவு கீழ எப்படிங்க வெக்கறதுன்னு...”

“நீயும் அந்தத் தென்னந்தோப்புக்காரரும் ஒரே பள்ளிக்கூடமாடா?”

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் அறுத்து, இறக்கி, திரும்ப வெல்டு வைத்துக்கொண்டு வந்தான். டாக்டரம்மா வண்டியைக் கையால் உருட்டிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், சாயவில்லை. பட்டையை இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

“யாரு பண்ணுனதுங்க?”

“பண்ணுனது அவன். பிளான் போட்டது நான்.”

“நல்லாத்தான் இருக்குது,” என்றார். “இத வெச்சுட்டு அம்மாகூடவே நடக்கலாமுங்க.”

நடந்தேன். காலையில் வராந்தா கடைசி வரை, வெயில் ஏறினால் ஜன்னல் வரை, காப்பி வரும்போது காப்பிக்காரர் நிற்கிற இடம் வரை. இடையில் அவர்கள் மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த, மூன்று பந்து ஏறி இறங்குகிற பிளாஸ்டிக் சாமானை உறிஞ்சிக்கொண்டிருப்பேன். கோழை கழன்று வந்தது. வண்டி கிறீச் என்று கத்தும். சக்கரத்துக்கு எண்ணெய் போட மறந்துவிட்டான் தடியன். அந்தச் சத்தம் கேட்டால் வார்டில் எல்லோரும் வழி விடுவார்கள். சம்பந்தி திரும்ப வந்தார். கையைக் கட்டிக்கொண்டு எட்டி நின்று பாட்டிலைப் பார்த்தார்.

“இப்ப சரிங்க,” என்றார். “மனுசன் மாதிரி ஒக்காந்திருக்குது.”

குமிழி குறைந்தது. இருமினால் மட்டும் வந்தது. அப்புறம் இருமினாலும் வரவில்லை. நான் நம்பாமல் திரும்பத் திரும்ப இருமிப் பார்த்தேன், மனைவி குனிந்து பாட்டிலைப் பார்த்து இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். எக்ஸ்ரேயில் நுரையீரல் நெஞ்சுக்கூட்டின் ஓரம் வரை விரிந்து ஒட்டியிருந்தது. மூச்சைப் பிடிக்கச் சொல்லி, குழாயை ஒரே இழுப்பாக உருவித் தையலை இறுக்கினார்கள். மயக்க டாக்டர் திரும்ப வரவில்லை. என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டியை எடுத்துப்போகட்டுமா என்று வெல்டர் கேட்டான். டாக்டரம்மா இங்கேயே இருக்கட்டும் என்றார். அப்புறம் இன்னும் சில கேட்டார். செய்து அனுப்பினேன், சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு.

இதோடு முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன்.

சில மாதம் கழித்து மாப்பிள்ளை தன் போனை என்னிடம் நீட்டினார். டாக்டர்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில் டாக்டரம்மா பேசியிருக்கிறார். வெறும் பாட்டில், சக்‌ஷன், மிஷின், யாருக்கு எது என்று. திரையில் போட்ட படங்களில் ஒன்று என் வண்டி. யாரோ ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நிற்கிறார். கீழே இங்கிலீஷில் ஒரு வரி. படித்துச் சொல்லச் சொன்னேன்.

“வார்டில் கிடைத்த பொருட்களைக் கொண்டு செய்த தள்ளுவண்டின்னு போட்டிருக்குதுங்க மாமா.”

வார்டில் கிடைத்த பொருட்கள். அந்த வார்டில் கிடைத்தது ஆப்பிளும் கொசுவும்தான். அவை இரண்டையும் வைத்து வண்டி செய்ய முடியுமானால் நான் ஏன் பவுண்டரி வைத்திருக்கிறேன்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா எழுந்து நின்று வரவேற்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சின்னதாகிவிட்டது.

“அவசரத்துல எழுதிப்போட்டேனுங்க அய்யா. இன்னும் முழுசா எழுதி அனுப்பப்போறேன், அதுல கடைசில நன்றி சொல்லும்போது ‘உதவிய நோயாளி ஒருவருக்கு’ன்னு சேத்துப்போடறேன்.”

“நோயாளின்னா?”

“நீங்கதானுங்க.”

“படுத்துக் கெடந்ததுக்கா நன்றி? படுக்கறதுக்கு ஊர்ல ஆளா இல்லை?”

அவர் சிரிக்கப் பார்த்தார், நான் சிரிக்கவில்லை. அந்த அம்மாவின் கையில் குற்றம் இல்லை. குழாய் போட்டது அவர், மோட்டாரை நிறுத்தச் சொன்னதும் அவர். அந்த விஷயத்தில் நான் சொன்னது நடந்திருந்தால் இன்னும் சுவரில் கட்டியபடியே கிடந்திருப்பேன், அல்லது கிடந்திருக்கவே மாட்டேன். அவர் பங்கில் ஒரு துளியும் நான் கேட்கவில்லை. ஆனால் நடக்கச் சொன்னவர் நடப்பதற்கு வழி சொல்லவில்லை. வழி என் பட்டறையிலிருந்து வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு மனைவி சொன்னாள்: “அப்படிப் பாத்தா சம்பந்திக்கும் பங்கிருக்குதுங்க. அவரு தூக்கி மேல வெக்காம இருந்திருந்தா உங்களுக்கு வண்டியே தோணியிருக்காது.”

வேண்டுமானால் அவர் பெயரைப் பொடி எழுத்தில் கடைசியில் போட்டுக்கொள்ளட்டும். நான் தடுக்க மாட்டேன்.

என்னுடையது பொடி எழுத்தில் வரக் கூடாது. கோயிலுக்கு ஒரு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தவன்கூட வெளிச்சம் மறைகிற அளவுக்கு உபயம் என்று பெயர் எழுதி வைக்கிறான். நான் உபயம் கேட்கவில்லை. டாக்டரம்மா, அந்தப் படத்துக்குக் கீழே வார்டில் கிடைத்த பொருட்கள் என்பதை அடித்துவிட்டு, இதற்குப் பிளான் போட்டவர் கோயம்புத்தூர் பம்புப் பட்டறைக்காரர், இன்னார், படிப்பு ஐந்தாம் வகுப்பு என்று எழுதுங்கள். முழுப் பெயரை இனிஷியலோடு போடுங்கள். அந்தக் காது நட்டையும் மறக்காமல் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் வெறும் வண்டி.